விராலும் புள்ளிச் சுறாவும்

விரால் அசையாது. குளத்துப் பாசிக்குக் கீழே ஊறிப்போன மரக்கட்டையைப் போலக் கிடக்கும். தவளையோ சிறு மீனோ தானாக எதிரே வரும்வரை அதற்கு அவசரமில்லை. வந்ததும் ஒரே பாய்ச்சல். பிறகு மறுபடியும் கட்டை.

புள்ளிச் சுறா வேறு சாதி. பாடப்புத்தகம் அதைத் திமிங்கிலச் சுறா என்கிறது. உலகத்து மீன்களில் அதைவிடப் பெரியது இல்லை. முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ஓர் ஆள் குறுக்கே படுக்கும் அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு கடல் மட்டத்தில் மெல்ல நீந்தும். அந்த வாய்க்குள் போவதெல்லாம் கூனி இறாலும் மீன் முட்டையும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்ணுயிர்களும்தான். பல் என்று பேருக்கு ஆயிரக்கணக்கில் இருக்கிறது, ஒன்றும் கடிக்க உதவாது. தண்ணீரை உள்ளே எடுத்து, பூக்களால், அதாவது செவுள்களால், வடித்து, வெளியே விட்டுவிடும். அவ்வளவுதான் அதன் சீவியம்.

இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கம் வரைந்து முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் படிப்பித்தேன். வேட்டையாடும் மீன், வடித்துண்ணும் மீன். நான் வரைந்த சுறா நல்ல சுறா என்று பெயர். மற்றப் பாடசாலை ஆசிரியர்கள்கூட வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். விராலை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன், கறியாக்கித் தின்றுமிருக்கிறேன். சுறாவை மட்டும் ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்துகொண்டு, காணாத ஒன்றைக் கண்டவன் போலப் படிப்பித்தேன். அது ஓய்வு பெற்ற பிறகும் எனக்குள் ஓர் அரிப்பாகவே இருந்தது.

அந்த அரிப்புக்காக நான் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் அப்படி நிந்தவூரிலிருந்து கல்முனைக்கு வந்தவன்தான். என் மாமனாருக்கு ஒரு கரைவலை இருந்தது. வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்கிற வலை. படித்த மாப்பிள்ளை, அரசாங்கச் சம்பளம் என்று என்னைப் பெரிதாக எண்ணி, வீட்டோடு வலையையும் மகளுக்கே எழுதிவிட்டார். அவருக்கு ஒரு மகனும் இருந்தார். என் மனைவியின் காக்கா, மூத்த சகோதரர். மீசை முளைக்கும் முன்பே அந்த வலையின் கயிற்றைப் பிடித்தவர். அவருக்கு வலை போகவில்லை. வலையை நடத்தும் தலைவர் வேலை போனது. வாப்பாவின் வலையில் அவர் தலைவர், தோணியில் ஏறினால் வாந்தி எடுக்கிற நான் சொந்தக்காரன். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

ஆள் மிகப் பெரியவர். கதவு நிலையில் தலை முட்டாமல் உள்ளே வரமாட்டார். தொண்டையும் அப்படித்தான், அவர் சலாம் சொன்னால் அடுத்த வளவில் பதில் சொல்வார்கள். சத்தம் போட்டுக் கதைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. நான் வகுப்பில் குரலை உயர்த்தியதில்லை. அதையும் ஒரு பெருமையாக வைத்திருந்தேன்.

மாமனார் காலத்திலிருந்து அந்த வலைக்கு ஒரு கட்டு இருந்தது. கடலில் என்ன செய்வது என்பதைத் தலைவர் தீர்மானிக்கலாம். ஆனால் வலையில் கத்தி வைப்பதென்றால் சொந்தக்காரரின் வாய்ச்சொல் வேண்டும். ஆமை மாட்டினாலும் பாறையில் கொழுவினாலும் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். மாமனார் இழுக்கிற நேரமெல்லாம் கரையில் குடிலுக்கு முன்னால் குந்திக்கொண்டிருப்பார். ஒரு சத்தம் போட்டால் பதில் வந்துவிடும். கட்டு அந்தக் காலத்துக்குப் பொருத்தமானது. சொந்தக்காரன் கரையில் இல்லாமல் தொலைபேசியின் மறு முனையில் இருக்கிற காலத்திலும் மச்சான் அந்தக் கட்டை மீறவில்லை.

அன்றைக்கு நான் இறக்காமத்தில் இருந்தேன். அங்கே எங்களுக்குக் கொஞ்சம் வயல். சிறுபோக நெல் கதிர் தள்ளிய நேரம் யானை வந்து வேலியை உடைத்துவிட்டது என்று, வயலைச் செய்கிற சினேகிதர் அறிவித்திருந்தார். போய்ப் பார்த்துவிட்டுக் குளக்கட்டில் அவரோடு நின்றேன். அவர் தவளையைத் தூண்டிலில் கொழுவி விரால் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது தொலைபேசி அடித்தது. மச்சான். பின்னால் அலைச் சத்தமும் ஆட்களின் கூச்சலும்.

"மச்சான், மடிக்குள்ள ஒரு பெரிய சாமான் வந்திட்டு. நம்மட தோணிய விடப் பெரிசி."

"என்ன மீன்?"

"சுறாதான். ஆனாக் கடிக்கிற சாதியில்ல. முதுகெல்லாம் புள்ளி. வாயத் தொறந்து தொறந்து மூடுது, பாவம். இன்னும் அலைக்கு வெளியதான் நிக்கிது. இப்ப மடிய வெட்டினாப் போயிரும். வெட்டட்டா?"

மடி என்பது வலையின் நடுப்பை. மீன் வந்து சேருகிற இடம். அதை வெட்டினால் அன்றைய பிடிபாடு எல்லாம் போகும், வலையும் சில நாட்களுக்கு உதவாது. நான் அதையெல்லாம் யோசித்துச் சொன்னேன் என்றால் என்னை ஒரு கஞ்சன் என்று நீங்கள் மன்னித்திருக்கலாம். நான் அதை யோசிக்கவேயில்லை. முதுகெல்லாம் புள்ளி என்ற சொல் காதில் விழுந்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை.

"வெட்டாதீங்க மச்சான். நான் வாறன். நான் பாக்குமட்டும் வெட்டாதீங்க."



"நீங்க எங்க இரிக்கீங்க?"

"இறக்காமத்தில."

"அது தூரமே மச்சான். நீரோட்டம் கரைக்கு இழுக்குது. அலைக்குள்ள வந்திட்டா அதுட பாரத்துக்கு அதால திரும்ப ஏலாது."

"முப்பத்திரண்டு வருசம் படத்தில காட்டின மீன். ஒருக்காக் கண்ணால பாத்திட்டு விடுவம். பிடிச்சி வைங்க."

"சரி மச்சான். வலை உங்கடதானே," என்றார்.

அதில் குத்தல் ஏதும் இருந்ததா என்று பிற்காலத்தில் பல தடவை தேடிப் பார்த்தேன். இல்லை. அவர் உள்ளதைச் சொன்னார்.

அந்த மீனைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். கரைக்கு வந்தால் அதன் சொந்த உடம்பின் பாரமே அதை நசுக்கும் என்பதும் தெரியும். இரண்டையும் நான் படிப்பித்திருக்கிறேன், பரீட்சைக்குக் கேள்வியாகவும் போட்டிருக்கிறேன்.

உடனே புறப்பட்டிருந்தாலும் ஒரு மணித்தியாலம் ஆகும். உடனே புறப்படவுமில்லை. சினேகிதரின் தூண்டிலில் அந்த நேரம் ஒரு விரால் மாட்டியது. முழங்கை நீளம். அதைக் கண்டதும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. இரண்டு மீனையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். என் கரும்பலகைப் படம் உயிரோடு.

"இந்த விரால எனக்குத் தாங்க," என்றேன்.

"கடல் மீனப் பாக்கப் போற சேருக்கு எங்கட குளத்து மீன் என்னத்துக்கு?" என்று சிரித்தார். "பக்கத்தில வெச்சா இதுக்கு ரோசம் வந்திரும். ஊட்ட ராத்தா கறி ஆக்கட்டும், கொண்டு போங்க."

"செத்திராதே?"

"இது சாகிறதா? நனைஞ்ச சாக்கில கட்டித் தாறன். மூணு மணித்தியாலம் போனாலும் உங்கட ஊட்ட போய்த் துள்ளும். இது காத்தக் குடிச்சி உசிரோட கிடக்கிற ஹறாங்குட்டி."

சாக்குத் தேடினார், நனைத்தார், கட்டினார். பிளேன்டீ குடிக்காமல் போகக்கூடாது என்று வற்புறுத்தினார். குடித்தேன். யானை உடைத்த வேலிக்குக் கம்பி எடுப்பதைப் பற்றியும் கதைத்தோம். பிறகு சாக்கை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டு சம்மாந்துறைப் பாதையால் வந்தேன். வழி நெடுக விரால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

நான் வந்தபோது கடற்கரை கந்தூரி போலச் சனமாக இருந்தது. சாய்ந்தமருதுப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். சனத்தை விலக்கிக்கொண்டு போகும்போது, எதிரே நாலு பேர் ஒரு பலகையில் மச்சானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓட்டோ காத்து நின்றது. அவருடைய இடது தொடை இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது.

நான் சொன்னபடி அவர் மீனைப் பிடித்து வைத்திருக்கிறார். கயிறுகளை இழுக்காமல் நிறுத்தி, மடி அலைக்குள் வந்துவிடாமல் தோணியால் தாங்கிப் பார்த்திருக்கிறார்கள். நீரோட்டம் விடவில்லை. கரையோர மணலில் மீனின் வயிறு தட்டியதும், அதன் வாய்க்குத் தண்ணீர் கிடைக்கட்டும் என்று மச்சான் நெஞ்சளவு நீரில் இறங்கி, தலையைக் கடல் பக்கம் திருப்பித் தாங்கி நின்றிருக்கிறார். ஒரு பெரிய அலை வந்து மீனைப் புரட்டியது. அது அவர்மேல் புரண்டது. கடிக்கத் தெரியாத மீன் தான் புரண்டதையும் அறிந்திருக்காது.

என்னைக் கண்டதும் பலகையைப் பிடித்தவர்களை நிற்கச் சொன்னார்.

"வந்திட்டீங்களா மச்சான்? ஓடிப் போய்ப் பாருங்க. இன்னும் உசிர் இரிக்கி."

ஒரு மனிதன் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? அந்த ஓட்டோவில் ஏற வேண்டும். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன்.

படத்தில் நான் வரைந்தது சரிதான். அகன்ற தட்டைத் தலை, வாயின் ஓரங்களில் கண்களுக்குரிய சிறு குழிகள், முதுகில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். பூப்பிளவுகள் ஐந்தும் மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அலை வரும்போது வாய் கொஞ்சம் திறந்தது, அலை போனதும் மணல்தான் உள்ளே போனது. எங்கள் வலையில் கயிறு இழுக்கும் ஆட்களில் மூத்தவர் அதன் தலைமாட்டில் நின்றார். கையில் மடி வெட்டும் கத்தி. மச்சான் எனக்குத் தொலைபேசியில் கதைத்தபோது தோணியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர்தான்.

"இப்ப வெட்டலாமா சேர்?" என்று கேட்டார்.

நான் சாக்கை மணலில் இறக்கி வைத்தேன். அவர் கத்தியை மணலில் எறிந்துவிட்டு ஓட்டோவின் பின்னால் போனார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. சாக்கை அவிழ்த்து விராலை எடுத்துச் சுறாவின் வாயருகே ஈர மணலில் வைத்தேன். தொலைபேசியால் படம் எடுத்தேன். ஒன்றல்ல, பதினைந்து இருபது எடுத்திருப்பேன். விரால் துள்ளித் துள்ளி இடம் மாறியது. பிடித்துப் பிடித்துத் திரும்ப வைத்தேன். "சேருக்கு என்ன பைத்தியம் புடிச்சிட்டா?" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சிரிப்பும் கேட்டது. மணிக்கணக்காகத் தண்ணீரில்லாமல் வந்த குளத்து மீன் துள்ளிக்கொண்டிருக்க, பாதி உடம்பு கடலுக்குள் கிடக்க அந்தப் பெரிய மீன் செத்தது. கடைசியாக நின்றது நாலாவது பூப்பிளவு. அதையும் கவனித்தேன். நான் நல்ல அவதானிப்பாளன்.

ஆஸ்பத்திரிக்கு அஸறுத் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம்தான் போனேன். மனைவி வராந்தாவில் நின்றாள்.

"காக்கா வெட்டத்தான் கேட்டிருப்பார்," என்றாள். "கேக்காம உட மாட்டாரே அவர். உங்களுக்குக் கோல் எடுக்கல்லயா?"

"இறக்காமத்தில சிக்னல் இல்ல," என்றேன். "எடுத்திருப்பார். எனக்கு வரல்ல."

அதை நம்பினாள். நாற்பது வருடமாக நம்பிக்கொண்டிருப்பவள். அன்றைக்கே என் தொலைபேசியிலிருந்து அவருடைய அழைப்பை அழித்தேன். யாரும் தேடப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் அழித்தேன். அடுத்த நாள் விராலைக் கறி ஆக்கினாள். காக்கா கால் முறிந்து கிடக்கும்போது தொண்டைக்குள் இறங்காது என்று அவள் தொடவில்லை. நான் தின்றேன்.

இரண்டு நாள் கழித்து விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வார்டுக்கே வந்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். மச்சானின் கால் பாரம் கட்டித் தூக்கியிருந்தது.

"மடியை ஏன் வெட்டி விடல்ல? வெட்ட வேணாமெண்டு ஆரும் சொன்னாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்.

"ஒருத்தரும் சொல்லல்ல," என்றார். "எனக்குத்தான் ஆசை. இவ்வளவு பெரிய மீன் என்ட ஆயுசில மடிக்குள்ள வரல்ல. இழுத்துப் பாத்தன்."

"சட்டம் தெரியாதா?"

"நான் படிக்கல்லயே சேர்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "வலை உங்கட. நீங்க படிச்சவர். நீங்களாவது சொல்லிக் குடுத்திருக்கலாமே?"

"சொல்லியிருக்க வேணும்," என்றேன். "அண்டைக்கு நான் ஊரில இருக்கல்ல."

அந்த இரண்டு வாக்கியத்திலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதைப் பிறகு கவனித்தேன்.

வழக்கு நடந்தது. மச்சான் ஊன்றுகோலோடு போய்க் குற்றத்தை ஒத்துக்கொண்டு வந்தார். கடற்கரையில் மற்ற வலைக்காரர்கள் கூடி, அவர் இனி எந்த வலைக்கும் தலைவராக நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அவருக்குக் காலைவிட அதுதான் பெரிது. கடலின் நிறத்தைப் பார்த்து மீன் வரும் பக்கத்தைச் சொல்லுகிற ஆள் என்று நற்பிட்டிமுனை வரை பெயர் எடுத்தவர். அந்தப் பெயர் போய்விட்டது. யாரையும் கடிக்காத கடல் பிள்ளையை ஆசைக்காகக் கரைக்கு இழுத்தவர் என்ற பெயர் வந்தது. கூட்டத்தில் நானும் இருந்தேன், வலைச் சொந்தக்காரன் என்ற முறையில். என் சம்மதத்தைக் கேட்டார்கள். "எல்லாரும் சொன்னா எனக்கும் சரிதான்," என்றேன். அடுத்த மாதம் வலையை விற்றுவிட்டேன்.

முறிந்த எலும்பு கூடியது, ஆனால் கால் குட்டையாகிப் போனது. அவர் சந்தை வாசலில் ஒரு பலகைப் பெட்டி வைத்துக் கருவாடு விற்றார். இளந்தாரிகள் சைக்கிளில் போகும்போது கத்துவார்கள்:

"சுறாக் காக்கா! இண்டைக்குத் திமிங்கிலம் ஒண்டும் படல்லயா?"

"பட்டதுடா, உன்ட வாப்பாட சாரனுக்குள்ள ஒளிச்சி வெச்சிரிக்கன், போய்க் கேளு," என்று அதே பெரிய தொண்டையில் திருப்பிக் கொடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நான் அந்த வாசலால் போவதை விட்டுவிட்டேன். மீன் வாங்க மருதமுனைக்குப் போனேன்.

இத்தோடு நின்றிருந்தால் நான் ஒரு கோழை மட்டும்தான். அதற்கடுத்த வருடம் நான் படிப்பித்த பாடசாலையில் ஓர் உரை நிகழ்த்தக் கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். தலைப்பு இந்தக் கட்டுரைக்கு மேலே இருக்கிற அதே தலைப்பு. அந்தப் படத்தைச் சுவரில் பெரிதாக விழுத்தினேன். ஈர மணலில் சுறாவின் வாய், அதன் அருகே விரால். மண்டபம் முழுக்க "ஆ" என்றது. விராலுக்குக் காற்றைச் சுவாசிக்க உறுப்பு இருப்பதையும், அது குஞ்சுகளைக் காவல் காப்பதையும், பதுங்கிப் பாய்வதையும் சொன்னேன். சுறா யாரையும் தீண்டாது, அதன் பெரிய வாயைக் கண்டு பயப்படுவது மடமை என்றேன். உருவத்தைக் கண்டு குணத்தை முடிவுகட்டக் கூடாது என்றேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இந்த அப்பாவி உயிரைக் கொன்றது அறியாமை," என்றேன்.

நெடுநேரம் கை தட்டினார்கள். கை தட்டியவர்களில் மச்சானும் ஒருவர். பின் வரிசையில் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இருந்தார். அவருடைய மகளின் பிள்ளை அந்தப் பாடசாலையில் படிக்கிறாள். பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள் போலும். நான் அவரை அப்போதுதான் கண்டேன்.

வாசலில் எனக்காக நின்றார்.

"நல்லாக் கதைச்சீங்க மச்சான்," என்றார். கேலியில்லை. "விராலப் பத்தி இவ்வளவு இரிக்கெண்டு எனக்குத் தெரியாது. ஒண்டு மட்டும் உட்டுட்டீங்க."

சுற்றிலும் ஆசிரியர்கள் நின்றார்கள்.

"அதுட கண்," என்றார். "நான் தலையத் தாங்கிட்டு நிக்கக்குள்ள மணல் அடிச்சிச்சி. உடன கண்ண அப்பிடியே உள்ளுக்கு இழுத்திட்டு. ஆமை தலைய இழுக்கிற மாதிரி. மணல் போன புறகு திரும்ப வெளிய வந்து என்னப் பாத்திச்சி. அத நீங்க பிள்ளைகளுக்குச் சொல்லல்ல."

"எனக்குத் தெரியாது மச்சான்."

"ஓம், நீங்க வரக்குள்ள அது கண்ண மூடிட்டுதானே," என்றார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

பின்னர் தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரி. அந்த மீன் கண்ணை உள்ளே இழுத்துக் காக்கக்கூடியது. முப்பத்திரண்டு வருடம் படிப்பித்த எனக்குத் தெரியாதது, முறியப்போகிற தொடையோடு ஒரு மணித்தியாலம் அதைத் தாங்கி நின்றவருக்குத் தெரிந்திருந்தது. அறியாமை என்று மேடையில் சொன்னேனே, அது யாருடையது என்று அன்றைக்கே எனக்கு விளங்கியது. விளங்கி ஒன்றும் செய்யவில்லை.

வாசிக்கிற நீங்கள் இந்நேரம் ஒரு கணக்குப் போட்டிருப்பீர்கள். பெரிய உடம்பும் பெரிய வாயும் உள்ள அவர் சுறா, சத்தமில்லாமல் பதுங்கிக் கிடந்த நான் விரால் என்று. நானும் கொஞ்சக் காலம் அப்படி நினைத்தேன். அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது, இயற்கை அப்படிப் படைத்துவிட்டது என்பது போல. ஆனால் விரால் பசிக்குத்தான் பாய்கிறது. எனக்குப் பசியில்லை. விரால் தன் குஞ்சுக் கூட்டத்தின் கீழே காவல் நின்று, தன்னைவிடப் பெரியதையும் எதிர்க்கும். நான் என் வீட்டு மனிதரைக் காக்க ஒரு சொல் சொல்லவில்லை. கொன்ற மீனைப் படமெடுத்துக் காட்டி எந்த விராலும் கைதட்டு வாங்கியதில்லை. அந்த மீனின் பெயரை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

சொல்லச் சந்தர்ப்பம் இல்லாமலிருந்தது என்று எழுத முடியாது. பெருநாளுக்குப் பெருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கச்சியின் கையால் வட்டிலப்பம் தின்றார். நான் எதிரே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவரே அந்தக் கதையை எடுக்கட்டும், எடுத்தால் மன்னிப்புக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை. மழையைப் பற்றிக் கதைப்பார், பேத்தியின் படிப்பைப் பற்றிக் கதைப்பார். "மச்சானுக்குப் பிரஷர் கூடிட்டா? உப்பக் குறைங்க," என்பார். ஆறு வருடம் அப்படிப் போனது. போன வருடம் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போனவர் பள்ளிவாசல் தொட்டியடியில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே மௌத்தாகிவிட்டார்.

அடுத்த நாள் காலை ஜனாஸாவைப் பள்ளிவாசல் முன்னால் வைத்தார்கள். சனம் பாதை வரைக்கும் நின்றது. எங்கள் வழக்கப்படி, தொழுவிக்க முன்னர் மையித்தின் சொந்தக்காரர் ஒருவர் எழும்பி நின்று, இவரால் யாருக்கும் ஏதும் குறை நேர்ந்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று சபையைக் கேட்க வேண்டும். மகன் இருந்தால் மகன் கேட்பார். மச்சானுக்கு நாலும் பெண்கள். மருமக்கள் வெளிநாட்டில். மௌலவி என்னைப் பார்த்தார்.

"சேர், நீங்க ரெண்டு வார்த்தை கதைங்க."

எழும்பினேன். ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். ஊர் முழுக்க முன்னால் நின்றது. சொல்ல வேண்டியதைச் சொல்ல அல்லாஹ் அதைவிடச் சிறந்த இடத்தை ஒருவனுக்குத் தர முடியாது. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியவர்கள், சுறாக் காக்கா என்று கத்தியவர்கள், என் உரைக்குக் கை தட்டிய ஆசிரியர்கள்.

"என்ட மச்சானால உங்கள்ள யாருக்கும் ஒரு கஷ்டமோ மனவருத்தமோ வந்திருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க," என்றேன்.

"பொருந்திக்கிட்டம்," என்றது சபை.

முதல் வரிசையில் எனக்குப் பக்கத்தில், அன்றைக்குக் கத்தியோடு நின்ற மனிதர் நின்றார். தாடி நரைத்துவிட்டது. அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு வரிசைக்குத் திரும்பியதும் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நாங்க பொருந்துறதுக்கு அவர் ஒண்டும் செய்யல்ல சேர். நீங்க அவர்ட்டக் கேட்டயளா?"

"வரிசைய நேராக்கிக்கொள்ளுங்க," என்று மௌலவி சொன்னார். அந்த மனிதர் என் பக்கத்திலிருந்து விலகிப் பின் வரிசைக்குப் போனார். வேறொருவர் வந்து அந்த இடத்தை நிரப்பினார். தோளோடு தோள் சேர்த்துக்கொண்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஜனாஸாத் தொழுகையில் சுஜூது இல்லை. நின்றபடியே நாலு தக்பீரில் முடிந்துவிடும். அன்றைக்கு என் முகத்தை நிலத்தில் வைத்து மறைத்துக்கொள்ளக்கூட வழி இருக்கவில்லை.

அடக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி முன்னறையில் பெண்களுக்கு நடுவே இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்தாள்.

"சபையில கேட்டீங்களா?"

"ஓம்."

"எல்லாரும் பொருந்திக்கிட்டாங்களா?"

"ஓம்."

"ஆருக்கு அவர் குறை வெச்சார்?" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கேட்டது அவருக்குச் சந்தோசமா இரிக்கும்."

அப்போதும் சொல்லவில்லை. அவள் தினமும் காலையில் பத்திரிகை வாசிக்கிறவள், நான் எழுதியது எது வந்தாலும் முதலில் வாசிக்கிறவள். இதையும் வாசிப்பாள். அழைப்பு வந்தது. அவர் வெட்டத்தான் கேட்டார். வேண்டாமென்று சொன்னது நான்.